பதிவாப் பறக்காத ராசா

அன்பு மருமகன்,

நீ போன கிழமை வட்ஸ்அப்பில அனுப்பின வீடியோவை நாலு தரம் பாத்திட்டன். ஏரிக்கரையில கூட்டாளியள் நிண்டு கை காட்டுறாங்கள், நீ தண்ணிக்கு மேலால பதிவா, நல்லாக் கீழால வந்து அவங்களைப் பாக்கிறதுக்காகப் பிளேனை ஒரு பக்கம் சரிச்சுத் திருப்புறாய், இறக்கையின்ர நிழல் ஜெட்டிப் பலகையில விளிம்பு தெரிய விழுகுது. அவ்வளவு பதிவு.

அம்மம்மா குசினியில தேங்காய் திருவிக்கொண்டிருந்தவ, அந்த இரைச்சல் கேட்டோன்ன கை நிண்டிட்டுது. சண்டை நேரம் குண்டு போடுற சியாமாச்செட்டிப் பிளேன் பனை வட்டுக்கு மேலால வரேக்க கொம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு பங்கருக்க ஓடின மனுசியடா அவ. என்ன சத்தமெண்டு கேட்டா, நான் ஒண்டும் சொல்லேல்ல.

இதைப் பொதுவில எழுதிறன், ஏனெண்டா கனடாவிலயும் லண்டனிலயும் உன்னை மாதிரிப் பிளேன் ஓடப் பழகிற எங்கட பிள்ளையள் வேறயும் இருக்கினம்.

நீ சின்னனில கழட்டாமப் போட்டுத் திரிஞ்ச புளூ ஜேஸ் தொப்பி ஞாபகமிருக்கோ? அந்த டொரோண்டோ பேஸ்போல் டீமில பந்து எறிஞ்ச ரோய் ஹாலடே 2017 நவம்பர் 7ஆம் திகதி புளோரிடாக் கடலில விழுந்து செத்தவர். வயசு 40, பிளேன் ஓடின அனுபவம் 700 மணித்தியாலத்துக்கு மேல. தன்ர ஐகொன் ஏ5இல, அது தண்ணியிலயும் இறங்கிற சின்னப் பிளேன், ஏத்துறதும் சரிக்கிறதும் தண்ணியோட உரசிற மாதிரிப் போறதுமா இருந்திருக்கிறார், ஒரு கட்டத்தில தண்ணிக்கு மேல வெறும் 11 அடி, அது எங்கட வீட்டு முகட்டு உயரம்கூட இல்லை. கடைசியா மேல ஏத்தினவர், பிளேன் மூக்குக் குத்தி விழுந்திட்டுது. விழுந்த இடத்தில ஆள் நிக்கிற ஆழம்தான் தண்ணி.

அவற்ற உடம்பில மருந்து இருந்தது எண்டு நீ சொல்லுவாய். ஓம், 2020 விசாரணை அறிக்கை அதையும் சொல்லுது. ஆனா அவர் செத்த அதே 2017 மே மாசம் கலிபோர்னியாவில பெரியெசா ஏரியில விழுந்ததும் அதே வகைப் பிளேன்தான், ஓடினவர் அதைச் செய்த கொம்பனியின்ர டெஸ்ட் பைலட். பிளேனில பழுதில்லை. ஏரியோட இருந்த மலையிடுக்குக்குள்ள பதிவாப் போனவர், முன்னால மலை, திரும்ப இடமில்லை, ஏறி எடுக்க உயரமில்லை. ரெண்டு பேர் செத்தவை.

உயரம் குறையாம 60 பாகை சரிச்சுத் திருப்பினா இறக்கை ரெண்டு மடங்கு பாரம் தாங்கவேணும், ஸ்டோல் ஆகிற வேகம், அதுதான் இறக்கை தூக்காம விடுற வேகம், 40 வீதம் கூடும் எண்டு உனக்குப் படிப்பிச்சிருப்பினம். அதைப் படிச்ச ஆக்களும்தான் விழுகினம், ஏனெண்டா அந்த நேரம் கண் மீட்டரில இல்லை, கீழ கை காட்டுற ஆக்களில. 2018 பொங்கலுக்கு வந்தனீயெல்லோ, வல்வெட்டித்துறைக் கடற்கரையில உன்ர கொக்குப் பட்டம் உயர நிண்டு குத்தேக்க நான் நூலை இளக்கி நிமித்தித் தந்தன். பிறகு நீ எழுப்பேக்க தலைக்கு மேலயே குத்திச்சுது, நான் நூலைத் தொட முதல் மண்ணில கிடந்தது, கொக்கின்ர கழுத்து முறிஞ்சு போச்சு, நீ அழுதனீ. அதே பட்டம், அதே காத்து, உயரம்தான் இல்லை.

உங்கட கனடாச் சட்டமே வெளியிடத்திலயும் ஆக்களில இருந்து, வள்ளத்தில இருந்து, கட்டிடத்தில இருந்து 500 அடி தள்ளி நிக்கச் சொல்லுது. அந்த ஜெட்டியில நிண்டது உன்ர கூட்டாளியளடா, ஒருத்தன்ர தோளில சின்னப் பிள்ளையும் இருந்தது.

இப்ப பலாலிக்குச் சென்னைப் பிளேன் வரேக்க அம்மம்மா முத்தத்தில வந்து நெத்தியில கை வைச்சு அண்ணாந்து பாக்கிறவ. நீ ஓடுறதையும் அவ அப்பிடிப் பாக்கவேணும் எண்டுதான் எனக்கு ஆசை.

வீடியோவைக் கொம்மாக்குக் காட்டேல்ல, அதை நீயே சொல்லு. ஞாயிறு பின்னேரம் போன் எடு, நான் வீட்டிலதான் நிப்பன்.

மாமா