கண்முன் நிற்கும் டீக்கடையும் ஒரு பழைய கடிதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24 அன்று நாங்கள் எங்கே இருந்தோம், செய்தியை யார் சொல்லக் கேட்டோம் என்று வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தங்கள் நாளிதழில் விடாமல் படித்து வருகிறேன். என் அனுபவத்தையும் எழுதி அனுப்புவதாக இருந்தேன், நல்லவேளை, அனுப்பவில்லை.

டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்ததும், வானொலியில் ஷெனாய் ஒலித்ததும், கடைக்காரர் அடுப்புக் கரியில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுப் பலகை போட்டுக் கடையை அடைத்ததும், சாய்ந்த வெயில் கண்ணாடித் தம்ளர்களில் பட்டதும் எனக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கின்றன. ஆனால் காலஞ்சென்ற என் தமையனாரின் பெட்டியில் சென்ற மாதம் கிடைத்த, அந்த வாரத்தில் நான் அவருக்கு எழுதிய இன்லேண்ட் கடிதத்தில், பால்காரர் வாசலில் நின்று சொல்லித்தான் செய்தி தெரிந்தது என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், எம்.ஜி.ஆர். உயிர் பிரிந்தது விடிவதற்கு முன்பு. சாயங்கால வெயிலுக்கு அங்கே வேலையே இல்லை. போதாததற்கு, அந்த டீக்கடை இருந்த ஊரிலிருந்து நான் 1986இலேயே மாற்றலாகி வந்துவிட்டேன். 1984 அக்டோபர் 31 மாலை, இந்திரா காந்தி மறைவுச் செய்தி கேட்ட காட்சிதான் மூன்றாண்டு தள்ளி இன்னொரு துக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதை முதுமையின் மறதி என்று தள்ளிவிட முடியாது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறிய மறுநாள், செய்தியைக் கேட்ட விதத்தைக் கல்லூரி மாணவர்களிடம் எழுதி வாங்கிய உளவியலாளர் உல்ரிக் நைசர், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரை மீண்டும் கேட்டபோது, கால்வாசிப் பேர் முக்கிய விவரங்கள் அனைத்தையும் மாற்றிச் சொன்னார்கள், அதையும் அடித்துச் சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டியும் புதிய கதையை அவர்கள் விடவில்லை. சொல்லச் சொல்ல நினைவு மெருகேறுகிறது. மெருகை நாம் உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே, இத்தகைய நினைவுகளை வெளியிடும்போது, அன்றைய நாட்குறிப்பு, தபால் முத்திரை விழுந்த கடிதம் என ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். என் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். இவ்வளவு தெரிந்த பின்னும் எனக்குக் கண்முன் வருவது அந்த டீக்கடைதான். பால்காரரின் முகம் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கும்பகோணம்.