நானோ மருந்து வரும்வரை குடல் நோயாளிகள் அறிய வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குடல் அழற்சி நோய்க்கு வாய்வழியே உட்கொள்ளும் நானோ மருந்துகள் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களில் ஏற்றிய மருந்துகள்) பற்றித் தங்கள் இதழின் அறிவியல் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மருந்தாக்கவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இத்துறைக்குத் தமிழில் இவ்வளவு இடம் கிடைத்தது எனக்கு மகிழ்ச்சியளித்தது. ஆனால் இம்மருந்து இன்றோ நாளையோ கடைக்கு வந்துவிடும் என்ற எண்ணத்தைக் கட்டுரை ஏற்படுத்துகிறது. அதை நம்பி ஒரு நோயாளி இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிட்டால், அடங்கியிருந்த நோய் மீண்டும் கிளம்பிவிடும் என்ற கவலையால்தான் இதை எழுதுகிறேன்.

நோயுள்ள இடத்துக்கே மருந்தைக் கொண்டு சேர்க்கும் முயற்சி நானோ துகள்களோடு தொடங்கியதன்று. சுவீடன் நாட்டு மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ், முடக்குவாதத்தை மனத்தில் கொண்டு உருவாக்கிய சல்ஃபாசலசின் என்ற மருந்து, குடல் அழற்சி நோயின் ஒரு வகையான பெருங்குடல் புண் நோய்க்கும் பயன்படுவதை 1940-களின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார். இரண்டு மூலக்கூறுகள் ஒரு வேதிப் பிணைப்பால் இணைந்த அம்மருந்து, சிறுகுடலில் பெரும்பாலும் உடையாமல் கடந்து சென்று, பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களால் பிளக்கப்படுகிறது. பிளந்த இரண்டில் எது நோயைத் தணிக்கிறது என்ற கேள்விக்கு 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில் விடை கிடைத்தது. வங்கதேசத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆசாத் கானும் அவருடன் பணியாற்றியவர்களும், முழு மருந்தையும் அதன் இரு பகுதிகளையும் தனித்தனியே நோயாளிகளுக்கு இனிமாவாக, அதாவது ஆசனவாய் வழியே செலுத்தும் திரவமாகக் கொடுத்து, இன்று மெசலமைன் என்று நாம் அறியும் பகுதியே வேலை செய்கிறது என்று நிறுவினார்கள். குடலின் அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7-ஐ எட்டும்போது கரையும் மேலுறை பூசிய மெசலமைன் மாத்திரைகளும், கல்லீரலைக் கடக்கும்போதே பெரும்பகுதி சிதைந்துவிடுவதால் உடலின் பிற உறுப்புகளை அதிகம் பாதிக்காத புடசொனைடு என்ற ஸ்டீராய்டும் இந்த வரிசையில் வந்தவையே. இவை எல்லாம் இன்று மருந்துக்கடையில் கிடைப்பவை. கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

இந்த மேலுறை மாத்திரைகளுக்குக் குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவை பெருங்குடலை அடையுமே தவிர, அங்கே நலமான பகுதியையும் புண்ணான பகுதியையும் பிரித்தறியாது. வயிற்றுப்போக்கு கடுமையாகும்போது கரையாமலே வெளியேறிவிடுவதும் உண்டு. நானோ துகள்களின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அழற்சி கண்ட இடத்தில் செல்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும்; அந்நியத் துகள்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அங்கே திரண்டிருக்கும்; நேர்மின்னூட்டம் கொண்ட புரதங்கள் சேர்ந்திருப்பதால் எதிர்மின்னூட்டத் துகள்கள் எளிதில் ஒட்டும். ஆல்ஃப் லாம்ப்ரெக்ட் குழுவினர் 2001-இல் வெளியிட்ட எலி ஆய்வில், 10 மைக்ரோமீட்டர் துகள்களைவிட 0.1 மைக்ரோமீட்டர், அதாவது 100 நானோமீட்டர் துகள்கள் அழற்சியுள்ள குடற்சுவரில் கணிசமாக அதிகம் படிந்தன.

ஆயினும் எலியில் கண்டது மனிதரிலும் அப்படியே நடப்பதில்லை. 2013-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இருவகைத் துகள்களையும் ஆசனவாய் வழியே நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, மைக்ரோமீட்டர் அளவுள்ள பெரிய துகள்களே புண்ணில் தேங்கின. நானோ துகள்கள் சொற்பமாகவே தென்பட்டன. இத்துறையின் ஆய்வுகளுள் பல, குடிநீரில் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம் என்ற வேதிப்பொருளைக் கலந்து கொடுத்துச் சில நாட்களில் சுண்டெலியின் குடலைப் புண்ணாக்கிச் செய்யப்படுபவை. அந்த நீரை நிறுத்திவிட்டால் சுண்டெலி பெரும்பாலும் தானாகவே தேறிவிடும். இருபது வயதில் தொடங்கி, அடங்குவதும் கிளம்புவதுமாக வாழ்நாள் முழுவதும் தொடரும் மனிதரின் நோய் அப்படிப்பட்டதன்று. கட்டுரை வியந்து பாராட்டும் இஞ்சி நானோ துகள்களும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிடியே மெர்லின் குழுவினர் சுண்டெலிகளில் சோதித்து 2016-இல் வெளியிட்டவைதான். இஞ்சிச் சாற்றை அதிவேகச் சுழற்சியில் பிரித்தெடுத்த, ஏறத்தாழ 230 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் அவை. இஞ்சிக் கஷாயம் குடித்தால் இந்நோய் ஆறும் என்பதற்கு அந்த ஆய்வு சான்றாகாது. நம் ஊரில் இதைத் தெளிவாகச் சொல்லாமல் விடக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்த ஆராய்ச்சி ஐரோப்பாவைவிட இந்தியாவுக்கே அதிகம் தேவை என்று உறுதியாக நம்புகிறேன். 2003-இல் வெளியான பஞ்சாப் கணக்கெடுப்பில், ஒரு லட்சம் பேரில் 44.3 பேருக்குப் பெருங்குடல் புண் நோய் காணப்பட்டது. இது மேலை நாட்டு நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. குடல் அழற்சி நோயின் மற்றொரு வகையான க்ரோன் நோய்க்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் ஊசி பலருக்குப் பெரும் நிவாரணம் தந்தது. ஆனால் அது கட்டிப்போடும் டி.என்.எஃப். என்ற புரதம்தான் உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியையும் அடக்கி வைத்திருக்கிறது. அம்மருந்தைப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001-இலேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. உறங்கும் கிருமியோடு கோடிக்கணக்கானோர் வாழும் நம் நாட்டில், இரத்தத்தில் அதிகம் கலக்காமல் குடலிலேயே நின்று வேலை செய்யும் மருந்து எவ்வளவு பெரிய உதவி! அதே வேளையில், சிறுகுடலின் கடைப்பகுதியில் வரும் காசநோய் கொலோனோஸ்கோபியில் (குடலுக்குள் கேமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் சோதனையில்) க்ரோன் நோயைப் போலவே தோன்றி மருத்துவர்களைத் திணற வைப்பதும் இங்கே வழக்கம். அப்படித் தவறாகக் கணிக்கப்பட்டவருக்கு, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறிதவறாமல் அந்த இடத்திலேயே குவிப்பது பெருங்கேடாக முடியும். ஆகவே இம்மருந்துகளை நம் நோயாளிகளிடம், நம் மருத்துவமனைகளில், காசநோயை முதலில் விலக்கிய பிறகே சோதிக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பெருங்குடலின் கடைப்பகுதியில் புண் நோய் உள்ளவர்களுக்கு, மெசலமைன் மாத்திரையோடு மெசலமைன் இனிமாவையும் சேர்த்துக் கொடுத்தால் மாத்திரை மட்டும் தருவதைவிடப் பலன் அதிகம் என்பது மனிதரில் நிரூபிக்கப்பட்ட உண்மை. கூச்சத்தாலும், சரியாகச் சொல்லித் தருவார் இல்லாததாலும் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். குடல் நோய் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, அதை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது, எவ்வளவு நாள் தொடர்வது என்று அடுத்த இதழிலேயே விளக்கி ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாக்கவியல் பேராசிரியர் (ஓய்வு),
திருச்சிராப்பள்ளி