ஞாயிறு கலந்துரையாடல்: புஷ்ரா அல்முத்தவக்கல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த ஞாயிறு இரவு 8 மணிக்கு நாம் பேசப்போவது ஏமன் நாட்டு ஒளிப்படக் கலைஞர் புஷ்ரா அல்முத்தவக்கல் பற்றி. 1969இல் சனாவில் பிறந்தவர். ஏமனின் முதல் தொழில்முறைப் பெண் ஒளிப்படக் கலைஞராக அறியப்படுகிறார்.

வருவதற்கு முன் அவருடைய ‘தாய், மகள், பொம்மை’ (2010) வரிசையைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். தாயின் மடியில் மகள், மகள் மடியில் பொம்மை. முதல் படத்தில் வண்ண ஆடைகள், மலர்ந்த முகங்கள். அடுத்தடுத்த படங்களில் வண்ணம் வடிகிறது, கறுப்புத் துணி உடலையும் முகத்தையும் மூடிக்கொண்டே வருகிறது, சிரிப்பு மங்குகிறது. பொம்மைகூடத் தப்பவில்லை! கடைசிப் படத்தில் யாருமே இல்லை. தாயாக அமர்ந்திருப்பது புஷ்ராவேதான், கூட இருப்பது அவர் மகள்.

ஒரு வேண்டுகோள். இதை ‘ஹிஜாபுக்கு எதிரான படம்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட வேண்டாம். தான் ஹிஜாபுக்கு எதிரி அல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார். சின்னஞ்சிறு பெண்பிள்ளைகளையும் மூடும் தீவிரப்போக்கைத்தான் அவர் கேள்வி கேட்கிறார். அரபுப் பெண் என்றாலே முக்காடிட்ட, வாயில்லாத உருவமாகக் காட்டும் மேற்கத்தியப் பார்வையையும் அவர் ஏற்பதில்லை. இரண்டு பக்கத்தையும் கேள்வி கேட்கும் இந்தத் துணிச்சல்தான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. நம் குழுவின் இஸ்லாமியத் தோழிகள் அவசியம் கலந்துகொண்டு பேச வேண்டும்.

ஆண்கள் முகத்திரை அணிந்தால் எப்படியிருக்கும் என்று கேட்கும் அவருடைய இன்னொரு வரிசையையும் நேரம் இருந்தால் பார்ப்போம். வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே பெயர் சொல்லிவிடுங்கள். இணைப்பை அன்று மாலை அனுப்புகிறேன்.