பழைய பேப்பர் கடைக்குப் போன கோப்புகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசு அலுவலகங்களில் அக்டோபர்தோறும் நடக்கும் தூய்மை இயக்கத்தைப் பாராட்டிய தங்கள் கட்டுரையில், ஓர் அலுவலகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த கோப்புக் குப்பை ஒழிந்ததாக ஒரு வரி வந்திருந்தது. 31 ஆண்டுகள் அந்தக் குப்பைக்குள் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் அதை இருமுறை படித்தேன்.

1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் தாங்கள் அறியாததல்ல. 25 ஆண்டுகளைக் கடந்த கோப்பை மதிப்பீடு செய்யாமல் எந்தத் துறையும் அழிக்கக் கூடாது. 1892க்கு முந்தையது என்றால், பயன்படாத அளவுக்குச் சிதைந்திருந்தாலொழியத் தொடவே கூடாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. யாரும் சிறைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆவண அலுவலர் பொறுப்பையே, வேறெதற்கும் ஆகாதவர் என்று முடிவு கட்டியவரின் தலையில்தான் எங்களிடம் கட்டுவார்கள். நானும் அப்படி வந்தவன்தான்.

நான் கடைசியாகப் பணியாற்றிய அலுவலகத்தில், மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்பதற்காக ஒரே சனிக்கிழமையில் பதிவறையைக் காலி செய்தார்கள். கட்டுகளைப் பிரித்துப் பார்க்காமலே தராசில் ஏற்றினார்கள். சிவப்பு நாடாவையும் அட்டையையும் சேர்த்து நிறுக்கிறார்களே என்ற வருத்தம் கடைக்காரருக்கு மட்டும் இருந்தது. அழிப்பவற்றின் பட்டியலை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்ற விதியை நான் நினைவூட்டியபோது, அந்தப் பட்டியலை வைக்க இடம் எங்கே என்று சிரித்தார்கள். மறு ஆண்டே, தற்காலிகப் பணியாளராக இருந்து இறந்த கணவரின் பணிக்காலத்துக்குச் சான்று கேட்டு ஒரு மூதாட்டி வந்து நின்றார். அவருக்கு நாற்காலி போடுவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1891இல் கல்கத்தாவில் தொடங்கி இன்று டெல்லி ஜன்பத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம், துறைகள் கொடுப்பதைத்தான் காக்க முடியும். 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் காப்பகத்தில் இல்லை என்று அதன் தலைமை இயக்குநரே 2022இல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்குத் தங்கள் இதழில் எத்தனை வரி ஒதுக்கப்பட்டது என்பது தங்களுக்கே தெரியும். ஒட்டடை அடித்ததற்கு இரண்டு பக்கம் கிடைத்திருக்கிறது.

கட்டுரைக்கு மறுப்பு வெளியிடுமாறு நான் கேட்கவில்லை. தாங்கள் பாராட்டிய அலுவலகத்தில் அழித்த கோப்புகளின் பட்டியலைக் கேட்டு, அது இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அடுத்த இதழில் ஒரு வரியில் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவறைப் பணியாளர்,
திருச்சிராப்பள்ளி