மங்கைக்கு: பாக்கெட்டின் பின்பக்கத்து ஆங்கிலம்

கும்பகோணம்

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் கிடைத்தது. உனக்குச் சர்க்கரை என்று படித்ததும் மனசு கனத்துப்போனது. ஆனால் ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டாய், அது பெரிய விஷயம். இங்கே அவருக்கு பிபி வந்து பல வருடம் ஆகிறது. மாத்திரையும் உப்பைக் குறைத்ததுமாக நன்றாகவே இருக்கிறார், முழங்கால் வலிதான் விடமாட்டேன் என்கிறது. சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். டாக்டர் சொல்வதெல்லாம் இங்கிலீஷாக இருக்கிறது, மகளைக் கேட்டால் "உனக்கெதுக்கும்மா, நான் பார்த்துக்கறேன்" என்கிறாள், ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் ஏதாவது வாங்கட்டுமா என்று எழுதியிருந்தாய். வாங்காதே. அதில் பேங்கில் பேசுவதும் ரயில் டிக்கெட் எடுப்பதும்தான் இருக்கும். உன் வயிற்றுக்குள் போவதையும் உன் ரத்தத்தில் இருப்பதையும் நீயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நூறு வார்த்தைகூட வேண்டாம். சுகர், பிபி, கொலஸ்ட்ரால், புரோட்டீன், கால்சியம் என்று பாதியை நீ தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாய். எழுத்தில் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அலமாரியில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டை எடு. முன்பக்கத்தை விடு, அது விற்பதற்காக எழுதியது. பின்பக்கம் 'இன்கிரீடியன்ட்ஸ்' என்று ஒரு பத்தி இருக்கும். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் போட வேண்டும், அடுத்தது அடுத்து, இது சட்டம். அதனால் முதல் மூன்று பெயரைப் படித்தாலே அந்தத் தின்பண்டம் என்னவென்று தெரிந்துவிடும். 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்றால் நம் மைதாதான். முன்பக்கம் 'மல்டிகிரெய்ன்' என்று பெரிதாகப் போட்ட ரொட்டியில் பின்பக்கம் முதல் பெயராக இதுவே நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பல தானியம் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள், பெரும்பங்கு மைதாவாக இருக்கும். 'ஹோல் வீட்' என்று முதலில் இருந்தால்தான் முழுக் கோதுமை.

சர்க்கரைக்கு அந்தப் பத்தியில் பல பெயர். 'ஓஸ்' என்று முடிவதைப் பார்த்தால் நின்று படி: குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ். எல்லாம் சர்க்கரைக் குடும்பம். (சுக்ரலோஸ், செல்லுலோஸ் மாதிரி சில விதிவிலக்கும் உண்டு. சுக்ரலோஸ் செயற்கை இனிப்பு, செல்லுலோஸ் நார்.) 'சிரப்' என்று முடிந்தாலும் இனிப்புதான், இன்வெர்ட் சிரப், கார்ன் சிரப் என்று வரும். 'மால்டோடெக்ஸ்ட்ரின்' ஒன்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள். அது சுகர் கணக்கில் வராமல் கார்போஹைட்ரேட் கணக்கில் போய்விடும், ஆனால் ரத்தத்தில் வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். 'சுகர் ஃப்ரீ' என்று போட்ட பிஸ்கட்டிலும் மைதா மைதாதான். சர்க்கரைக்காரர்களுக்கென்றே விற்கிறார்கள் என்று நம்பி அரை பாக்கெட் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்து வரும். ஏமாற்றப்படுவது அவர்கள்தானே.

சமையல் எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ' என்று போட்டிருப்பதும் அப்படித்தான். செடியிலிருந்து எடுத்த எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. நீ அங்கே பார்க்க வேண்டியது 'சாச்சுரேட்டட் ஃபேட்', ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றும் கொழுப்பு. பாமாயிலில் அது நிறைய. 'ஹெல்த் டிரிங்க்' என்பதும் சட்டத்தில் இல்லாத வகை. 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் கடைகளிடம் அந்தத் தலைப்பின் கீழ் பானங்களை விற்காதீர்கள் என்று சொன்னது.

அடுத்தது கட்டம் போட்ட பட்டியல், 'நியூட்ரிஷனல் இன்ஃபர்மேஷன்'. அதில் எல்லாம் நூறு கிராமுக்குக் கணக்கு. நீ சாப்பிட்டது இருபத்தைந்து கிராம் என்றால் கால் பங்காக்கிக்கொள். 'டோட்டல் சுகர்ஸ்' என்பது பால், பழத்தில் இயல்பாக இருப்பதையும் சேர்த்த கணக்கு, 'ஆடட் சுகர்ஸ்' என்பது மேலே கொட்டியது மட்டும். 'சோடியம்' என்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வந்துவிடும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தப் பெருக்கல் தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் கடை அப்பளமும் ஊறுகாயும் தினப்படி சாப்பாட்டிலிருந்து போனது.

'ஆர்டிஏ' என்று ஒரு பத்தி இருக்கும், ஒரு நாளைக்குத் தேவையான அளவில் இது எத்தனை சதவீதம் என்று. நாளுக்கு 2000 கிலோகலோரி, 50 கிராம் ஆடட் சுகர், 2000 மில்லிகிராம் சோடியம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. நம்மை மாதிரி வீட்டோடு இருக்கும் பெண்களுக்கு 2000 கிலோகலோரி பெரும்பாலும் அதிகம், அதனால் அந்தச் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? இந்த நாட்டுக்கான ஊட்டச்சத்து அளவுகளை இன்று வகுக்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் அங்கேதான் ஓர் அறையில் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய் பற்றிய ஆராய்ச்சியாகத் தொடங்கியது. மெக்காரிசன் என்ற டாக்டர் ஆரம்பித்தது. 1958-இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. தெரிந்திருந்தால் அன்றைக்கு வாசலிலாவது நின்று பார்த்திருக்கலாம்.

இனி உன் ரிப்போர்ட். அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'ரெஃபரன்ஸ் ரேஞ்ச்' அல்லது 'ரெஃபரன்ஸ் இன்டர்வெல்' என்று ஒரு பத்தி இருக்கும், நலமாக இருப்பவர்களுக்கு எதிலிருந்து எதுவரை என்று. உன் எண்ணை அதோடு ஒப்பிடு. 'ஃபாஸ்டிங்' வெறும் வயிற்றில் எடுத்தது, 126-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 'பிபி' என்று ரத்தச் சர்க்கரை வரிசையில் போட்டிருந்தால் அது ரத்த அழுத்தம் இல்லை, 'போஸ்ட் பிராண்டியல்', சாப்பிட்ட பிறகு எடுத்தது. 'ஹெச்பிஏ1சி' ரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாத சராசரி, சதவீதத்தில் இருக்கும். 5.7 முதல் 6.4 வரை எல்லையில் நிற்பது, 6.5-இலிருந்து நோய். முந்தின நாள் பாயசம் சாப்பிடாமல் இருந்து இதைக் குறைக்க முடியாது. 'நெகட்டிவ்' என்று பார்த்தால் பயப்படாதே. எதிர்வீட்டு அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தார்கள். தேடிய நோய் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம் என்று நான் சொன்ன பிறகுதான் காபி குடித்தார்கள்.

பெரிய வார்த்தைகளை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி பிரித்துப் படி. 'ஹைப்பர்' என்றால் அதிகம், 'ஹைப்போ' என்றால் குறைவு. இந்த இரண்டையும் எக்காரணம் கொண்டும் குழப்பிக்கொள்ளாதே, மங்கை. 'கிளைசீ' என்றால் சர்க்கரை, 'ஈமியா' என்றால் ரத்தத்தில். அப்போது ஹைப்போகிளைசீமியா ரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோவது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சில மாத்திரைகளுக்கு அது வரும். வியர்க்கும், கை நடுங்கும், படபடப்பாக இருக்கும். எண் 70-க்குக் கீழே என்றால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரி சர்க்கரை தொடலாமா என்று அந்த நேரத்தில் யோசிக்காதே. உன் மாத்திரை அந்த வகையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். அப்புறம், 'பதி' என்று முடிந்தால் பாதிப்பு: நியூரோபதி நரம்பு, நெஃப்ரோபதி சிறுநீரகம், ரெட்டினோபதி விழித்திரை. கண் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்ததை ஏன் என்று கேட்டிருந்தாயே, அதற்காகத்தான். கண்டிப்பாகப் போ.

மருந்துச் சீட்டில் 'ஓடி' (OD) என்றால் நாளுக்கு ஒருமுறை, 'பிடி' (BD) இருமுறை, 'டிடிஎஸ்' (TDS) மூன்றுமுறை, 'எஸ்ஓஎஸ்' (SOS) தேவைப்பட்டால் மட்டும்.

மகள் மேல் கோபப்படாதே. பாசத்தில்தான் சொல்கிறாள். ஆனால் அவள் பெங்களூரில் இருக்கிறாள், மூன்று வேளையும் தட்டின் முன்னால் உட்காருவது நீ. அதனால் தெரிந்துகொள்ள வேண்டியதும் நீதான். மளிகை வாங்கும்போதெல்லாம் புதிதாக ஒரு வார்த்தையைத் தமிழிலேயே நோட்டில் எழுதி, அர்த்தத்தைப் பக்கத்தில் போடு. கண்ணாடியை மறக்காமல் கடைக்கு எடுத்துப் போ, எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கும்.

பொங்கல் கழித்து வருவதாகச் சொன்னாயே, தேதி எழுது. பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. உட்கார்ந்து வரிசையாகப் படிக்கலாம். கொல்லையில் முருங்கை நிறையக் காய்த்திருக்கிறது, கீரையும் உண்டு.

அன்புடன்,
உன் ராஜி