பாப்பாவுக்கு, இயர்போன் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். ஹைதராபாத்தில் நல்ல மழை என்று டிவியில் சொன்னார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது குடை எடுத்துக்கொள்.

இயர்போனை மாற்றலாமா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல் என்று அம்மா போனுக்கு நீ அனுப்பியதைப் பார்த்தேன். கூடவே மூன்று படம். உடனே பதில் போடச் சொன்னாள் அம்மா. நாலு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை என்று நான்தான் தள்ளிப் போட்டேன். நீ என்னிடமே கேட்டிருக்கலாம். மூன்று வாரமாக என் போனுக்கு நீ கூப்பிடவில்லை, அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். வேலை அதிகம் என்று அவள் சொல்கிறாள். இருக்கட்டும். முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

மாற்ற வேண்டாம்.

உன்னிடம் இருக்கிற சால்நோட்ஸ் ஜீரோ நல்ல சாமான். 2022-ல் வந்தது. பத்து மில்லிமீட்டரில் ஒரே ஒரு டிரைவர். நம் சவுண்ட் சர்வீஸ் பாக்ஸில் இருக்கிற ஸ்பீக்கர் எப்படியோ அப்படித்தான் அதுவும்: காயில், காந்தம், முன்னால் ஒரு சவ்வு. அதைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கியிருக்கிறார்கள். நீ படம் அனுப்பிய மூன்டிராப் சூ டூ, டாங்சூ வானெர் இரண்டுக்கும் அதே பத்து மில்லி, அதே ஒற்றை டிரைவர். விலையும் எல்லாம் இரண்டாயிரத்தை ஒட்டித்தான். மூன்றிலுமே ஒயரைக் கழற்றி மாற்றலாம், அதனால் ஒயர் போனால் ஒயரை மட்டும் வாங்கினால் போதும். சூ டூவுக்கு முன்னால் வந்த பழைய சூவில் அந்த வசதி இல்லை, அதை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே.

சும்மா சொல்லவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஜீரோ சின்னவனிடம் இருக்கிறது, உன்னைப் பார்த்து வாங்கியதுதானே. சூ டூவும் அவனுடையது. வானெரை ஹாஸ்டல் பையன் ஒருவனிடம் இரவல் வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டோம். போட்டது ஆடித்தபசு அன்று நான் மைக் வைத்துப் பதிவு பண்ணிய நாயன கேசட். அவன் அதை போனில் ஏற்றி வைத்திருக்கிறான்.

ஒன்று கவனித்துக்கொள். ஜீரோவின் மின்தடை 32 ஓம், சூ டூவுக்கு 18 ஓம்தான். போனில் வால்யூம் ஒரே இடத்தில் இருந்தாலும் சூ டூ கூடுதலாகச் சத்தம் போடும். சத்தம் கூடினால் யாருக்கும் அதுதான் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். நானும் என் காலத்தில் பந்தலில் அப்படித்தான் பேர் வாங்கினேன். அதனால் ஒவ்வொரு தடவையும் சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுத்தான் கேட்டோம். கடையிலோ சிநேகிதி வீட்டிலோ கேட்டுப் பார்த்தால் நீயும் அப்படியே செய்.

வானெரில் தவிலின் தொப்பிப் பக்கம் கனமாக விழுந்தது. கொஞ்சம் கொழகொழவென்று இருந்தாலும் சுகமாக இருந்தது. ஜீரோவில் பாஸ் அளவாக இருக்கிறது, நாயனம் தனியாக முன்னால் வந்து நிற்கிறது. சூ டூ இரண்டுக்கும் நடுவில், மேல் பக்கம் கூர்மை என்று சின்னவன் சொன்னான். உனக்கு பாஸ் பிரியம் என்றால் வானெரை ஆசைக்கு வாங்கலாம், அவ்வளவுதான். இரண்டாயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குப் போவது மேலே ஏறுவது ஆகாது.

மூன்றாவது படம், லெட்ஷுவர் எஸ் 12, அது வேறு ரகம். பிளேனர். அதில் தனியாகக் காயில் கிடையாது. மெல்லிய தாள் மாதிரியான சவ்விலேயே கம்பியைப் பதித்துக் காந்தத்தை ஒட்டி நிறுத்தியிருப்பார்கள். 14.8 மில்லி. சவ்வு முழுவதும் ஒன்றாக அசைவதால் அடி விழுவதும் நிற்பதும் வெட்டினாற்போல் இருக்கும் என்கிறார்கள். விலை மற்ற இரண்டைப்போல் பல மடங்கு. உன் காசு, நீ சம்பாதிப்பது. அம்மா கண் ஆபரேஷனுக்கு நீ ஒரே தவணையில் பணம் கட்டியதை இன்னும் நான் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 2017-ல் யெரூன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களை எடுத்துக்கொண்டு, எந்தச் சுருதியை எவ்வளவு சத்தமாகக் கொடுக்கிறது என்கிற கணக்குக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்டியிருக்கிறார். சின்னவன் படித்துக் காட்டினான். வாடகை, சீட்டு எல்லாம் போக மிச்சம் இருந்தால் பார். சீட்டை நிறுத்திவிட்டு வாங்காதே.

உன் ஜீரோவில் பாஸ் இல்லை என்று எழுதியிருந்தாயே, அது இயர்போன் குறை இல்லை. ரப்பர் காதை அடைக்கவில்லை. நூல் அளவுக்கு இடைவெளி இருந்தாலும் போதும், கீழ்க்கட்டை முழுக்க வெளியே போய்விடும். உனக்கு இடது காது துவாரம் சின்னது. குழந்தையில் அந்தக் காதில் சீழ் வடிந்து தென்காசி அத்தை வீட்டில் ஒரு மாதம் இருந்தோமே, அப்போதே டாக்டர் சொன்னார். இரண்டு காதுக்கும் ஒரே சைஸ் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. இடதுக்குச் சின்னது, வலதுக்கு நடு சைஸ். போட்டுக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பார், நழுவக் கூடாது. வலைமேல் அழுக்கு இருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் கீழே பார்க்கப் பிடித்துத் தட்டு. ஸ்பிரிட்டோ தண்ணீரோ விடாதே.

ரப்பர் சரியாக அடைத்தால் வெளிச் சத்தம் உள்ளே வராது. வெளிச் சத்தம் வராவிட்டால் வால்யூமைக் கூட்ட வேண்டியதில்லை. நான் சொல்ல வந்ததே இதுதான். வால்யூமைக் குறை. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 90-க்கு நாலே மணி நேரம். நீ ஆபீஸில் ஹெட்செட்டை மாட்டினால் எட்டு மணி நேரம் கழற்றுவதில்லை. ஐந்து நாளுக்கு நாற்பது மணி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குமேல் பஸ்ஸில் பாட்டு, படுத்த பிறகும் பாட்டு. எந்த இயர்போன் என்பது அப்புறம். வால்யூமைக் குறை, பாப்பா.

இதைப் போன வருஷமும் சொன்னேன். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேப்பா" என்று கேட்டாய். சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி நான் முழுசாக எழுதவில்லை. சூ டூவைப் போட்டதும் சின்னவன் முகத்தைச் சுளித்தான். "பெரியப்பா, கைத்தாளம் காதைக் குத்துது" என்றான். நான் வாங்கிப் போட்டேன். நாயனம் கேட்டது, தவில் கேட்டது. கைத்தாளம் இல்லை. ஜீரோவில் கேட்டேன், இல்லை. வானெரிலும் இல்லை. நான் பதிவு பண்ணிய கேசட், பாப்பா. தாளம் போட்ட பையனுக்கு முன்னால் மைக்கை நான்தான் ஒரு சாண் தள்ளி வைத்தேன். அந்தத் தாளம் இப்போது சின்னவனுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அவனிடம், "ஆமாடா, குத்துதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்பீக்கர் யூனிட் வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, திருநெல்வேலியில் காது டெஸ்ட் எடுத்தேன். சின்ன அறைக்குள் உட்கார வைத்து, பீப் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கையில் பட்டனை வைத்துக்கொண்டு நான் காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். அவள் பீப் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தாளில் கோடு 2000 ஹெர்ட்ஸ் சுருதி வரை சுமாராக வந்து 4000-ல் கிணறு மாதிரி இறங்குகிறது. சத்தம் தின்ற காதில் அந்த இடம்தான் முதலில் போகுமாம். உள்ளே இருக்கிற மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. ச, த, ட மாதிரி எழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற ஒலி அந்த மேல் பக்கத்தில்தான் இருக்கிறதாம். அதனால் குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது.

முப்பத்தி ரெண்டு வருஷம் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் உட்கார்ந்த காது. ராத்திரி பத்து மணிக்கு மேல் போடக் கூடாது என்று 2000-ல் விதி வந்த பிறகும் விடிய விடியப் போட்டவன் நான். அதைவிட ஒன்று இருக்கிறது. ஆடித்தபசுக்கு உன்னையும் கூட்டிப்போய், பாக்ஸுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். அம்மா வேண்டாம் என்றாள். "பழகிக்கும்" என்றேன். நீயும் பழகிக்கொண்டாய். பாட்டு இல்லாவிட்டால் தூக்கம் வரவில்லை என்று இப்போது நீ சொல்லும்போதெல்லாம் அந்தச் சாக்குதான் ஞாபகம் வருகிறது. பொங்கலுக்கு வந்தபோது நீ தூங்கிய பிறகு உன் இயர்போன் தலையணையில் கிடந்தது. வாசல்படியில் நின்ற அம்மாவுக்குப் பாட்டு கேட்டது. குனிந்து எடுத்து அணைத்த எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடு. இந்த மாதமே எடு.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று நீ என் போனுக்குக் கூப்பிட்டாய். அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லவில்லை. சன்னமாகப் பேசினாய். "அப்பா" என்றது கேட்டது. பிறகு நீளமாக ஏதோ சொன்னாய், நடுவில் ஒரு தடவை நிறுத்தி, திரும்பவும் சொன்னாய். "வே" என்று ஒரு வார்த்தை வந்தது. வேலையா, வேண்டாமா, வேணுமா, எனக்குத் தெரியவில்லை. எப்போதும் செய்கிற மாதிரி, உன் குரல் நின்றதும், "சரிம்மா, நல்லது, உன் இஷ்டம்" என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அவ்வளவுதானாப்பா?" என்றாய். அது மட்டும் தெளிவாகக் கேட்டது. அப்போதாவது என்ன சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். சவுண்ட் சர்வீஸ்காரனுக்குக் காது கேட்கவில்லை என்று மகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. "ஆமா, வேற என்ன, வச்சிரட்டுமா" என்றேன்.

அம்மாவிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். நீ அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்தது. என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாய்.

நான் சொன்ன "நல்லது" நீ சொன்னதற்குச் சொன்ன பதில் இல்லை. அதை வைத்து எதையும் முடிவு பண்ணியிருந்தால் கொஞ்சம் பொறு. அன்று சொன்னதை எனக்கு எழுது. வாட்ஸ்அப்பில் என் நம்பருக்கே எழுது, ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை. அம்மாவிடம் காட்டாதே என்றால் காட்ட மாட்டேன். என் காது விஷயத்தையும் அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்தாதே. மெஷின் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பணம் அனுப்பாதே, குழாய்களை விற்றால் வரும்.

கவருக்குள் ஆறு ரப்பர் வைத்திருக்கிறேன், மூன்று சின்னது, மூன்று நடு சைஸ். சின்னது இடது காதுக்கு.

அன்புடன்,
அப்பா