பள்ளி ஆண்டு மலரின் படங்கள் குறித்துப் பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். இவ்வாண்டு நம் பள்ளி மலரில் வெளியாகும் மாணவர் படங்கள் எதிலும் நிறத்தையோ முகத்தையோ உடலையோ கணினியில் திருத்துவதில்லை என்று ஆசிரியர் குழு முடிவு செய்துள்ளது. அடையாள அட்டைக்கும், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலுக்கும் எடுக்கும் படங்களுக்கும் இதே விதி பொருந்தும். வெளிச்சம் குறைந்த படத்தைச் சற்றுத் தெளிவாக்குவதும் ஓரங்களை வெட்டிச் சீராக்குவதும் வழக்கம்போல நடக்கும். அதற்கு மேல் எதுவும் செய்யப்பட மாட்டாது. சுற்றறிக்கையில் நான்கு வரியில் முடித்திருக்கக்கூடிய செய்திதான் இது. ஆனால் பெற்றோர் சிலர் நேரில் வந்து, "பிள்ளை கொஞ்சம் நிறமாத் தெரிஞ்சா என்னங்க சார் ஆகிடப் போகுது" என்று கேட்டதால், முடிவுக்கான காரணத்தையும் விரிவாக எழுதுகிறேன்.

மலரின் முதல் மெய்ப்பு, அதாவது அச்சிடும் முன் சரிபார்க்கத் தரும் மாதிரிப் படி, வந்தபோது, பக்கங்களை வடிவமைத்தவர் யாரும் கேளாமலே, நல்லெண்ணத்தோடு எல்லா முகங்களையும் வெளுப்பாக்கியிருந்தார். ஆண்டு முழுவதும் வெயிலில் பயிற்சி எடுக்கும் பெண்கள் கபடி அணியில் அத்தனை பேருக்கும் ஒரே நிறம். ஒரு மாணவியின் புருவத்தருகே இருக்கும் தழும்பைக் காணவில்லை. இன்னொரு மாணவியின் தோள் அகலம் குறைக்கப்பட்டிருந்தது. எதிரணியை மடக்கிப் பிடித்துக் கோப்பை வாங்கித் தந்த தோள் அது. இதைக் கண்டால் மாணவியர் வருந்துவார்கள் என்று எண்ணினோம். அவர்களோ மகிழ்ந்தார்கள். சிலர், "இந்த போட்டோவையே ஐடி கார்டுக்கும் போட்டுருங்க சார்" என்றார்கள். கண்ணாடியில் தெரியும் முகத்தை விட்டுவிட்டுத் திருத்திய முகத்தைத் தன் அடையாளமாகக் கேட்கும் நிலைக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வந்திருக்கிறது என்றால், அதைச் சிறுபிள்ளை ஆசை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

படத்தைத் திருத்துவது புதிய வழக்கமன்று. பழைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் டச்சிங் செய்யத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு இருந்தது. ஆனால் அதற்கு நேரமும் கைப்பழக்கமும் வேண்டியிருந்ததால், திருத்தப்பட்ட படங்கள் வாழ்க்கையில் சிலவாகவே இருந்தன. 1990இல் போட்டோஷாப் விற்பனைக்கு வந்த பின்னர் அந்த எல்லை தளர்ந்தது. இடுப்பை உள்ளே தள்ளவும் கையை மெலிதாக்கவும் சருமத்தின் துளைகளையே அழித்துவிடவும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2003இல் பிரிட்டனின் ஜிக்யூ இதழ், நடிகை கேட் வின்ஸ்லெட்டின் கால்களை மெலிதாக்கி அட்டைப்படம் வெளியிட்டபோது, தாம் அப்படி இல்லை என்பதோடு அப்படி இருக்க விரும்பவும் இல்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2011இல் அந்நாட்டின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த அழகுசாதன விளம்பரம் ஒன்றைத் தடை செய்தது. பூச்சு தருவதாகச் சொல்லும் பலனைத்தான் படம் காட்டுகிறது, கணினியின் கைவேலையை அன்று என்று நிறுவனத்தால் மெய்ப்பிக்க முடியவில்லை. உலகின் அழகியருள் ஒருவராகக் கொண்டாடப்படுபவரின் முகமே திருத்தாமல் அச்சுக்குப் போகவில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

இதழ் என்றால் நம் வீடுகளில் இன்று யார் வாங்குகிறார்கள் என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அட்டைப்படத்தில் நடிகைக்குச் செய்ததை இன்று கைப்பேசியின் முன்பக்கக் கேமரா நம் பிள்ளைக்கே செய்கிறது. பல கைப்பேசிகளில் முகத்தை மெழுகி வெளுப்பாக்கும் வசதி, நாம் கேட்காமலே இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. இது இளையோரின் மனநலத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் தன் பிக்சல் கைப்பேசிகளில் அதை இயல்பாக அணைத்து வைக்கப்போவதாக 2020இல் கூகுள் நிறுவனமே அறிவித்தது. முன்பு பிள்ளை தன்னை ஒரு நடிகையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அது சினிமா, நாம் வேறு என்று ஆறுதல் கொள்ள இடமிருந்தது. இப்போது தன்னுடைய திருத்திய படத்தோடும் பக்கத்து இருக்கைத் தோழியின் திருத்திய படத்தோடும் தன்னை ஒப்பிடுகிறது. தப்பிக்க இடமே இல்லாத ஒப்பீடு இது என்பதால்தான் இதை அட்டைப்படத்தைவிடக் கடுமையானதாகக் கருதுகிறேன்.

இந்த ஒப்பீடு என்ன செய்யும் என்பதற்கு, பசிபிக் கடலிலுள்ள ஃபிஜித் தீவில் ஹார்வர்டு ஆய்வாளர் ஆன் பெக்கர் செய்த ஆய்வைப் பலரும் எடுத்துக்காட்டுவதுண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் "பூசுனாப்ல இருக்கா" என்று மெச்சுவது போல, அங்கும் வலுவான, சதைப்பற்றுள்ள உடலே நல்லுடல் என மதிக்கப்பட்டது. நட்ரோகா என்னும் பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலும், மூன்றாண்டு கழித்து 1998இலும் பள்ளி மாணவியரிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. எடையைக் கட்டுப்படுத்துவதற்காக உண்டதை வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் முதலில் ஒருவரும் இல்லை. மூன்றாண்டில் அது 11.3 விழுக்காடு ஆயிற்று. இரண்டு முறையும் கேட்கப்பட்டவர்கள் வெவ்வேறு மாணவியர், எண்ணிக்கையும் ஒவ்வொரு முறையும் அறுபத்து சொச்சம்தான். எனவே பழியெல்லாம் தொலைக்காட்சிக்கே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு மதிப்பீடு எவ்வளவு விரைவில் ஆட்டங்காணும் என்பதைக் காட்ட அது போதும்.

சில நாடுகள் சட்டம் இயற்றிப் பார்த்தன. திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி இஸ்ரேலில் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், மாடல்களின் உடலை மெலிதாக்கியோ பருமனாக்கியோ காட்டும் வணிகப் படங்களில் 'திருத்தப்பட்ட படம்' என அச்சிட வேண்டும். தவறினால் 37,500 யூரோ வரை அபராதம். நார்வே 2022 ஜூலை 1 முதல், பணம் பெற்றுக்கொண்டு சமூக ஊடகத்தில் பதிவிடுவோரையும் இவ்விதிக்குள் கொண்டுவந்தது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும், இத்தகைய குறிப்பைக் கண்ட பின்னரும் பெண்களுக்குத் தம் உடல் மீதுள்ள மனக்குறை குறைவதில்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டியுள்ளன. படம் பொய் என்று அறிவு சொன்னாலும் மனம் அதைக்கொண்டே தன்னை அளக்கிறது. எனவே "இதெல்லாம் எடிட்டிங், நம்பாதே" என்று பிள்ளைக்கு ஒருமுறை சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. படத்தையே மாற்றாமல் விடுவதுதான் பள்ளியால் செய்யக்கூடியது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி 2012இல் இதைத்தான் கேட்டாள். பதின்பருவப் பெண்களுக்கான செவன்டீன் இதழ் திருத்தாத படங்களை வெளியிட வேண்டும் என்று அவள் தொடங்கிய கோரிக்கைக்கு 80,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். சிறுமியரின் முகத்தையும் உடல் வடிவத்தையும் மாற்றுவதில்லை என்று அவ்விதழும் அறிவித்தது. அவள் நம் ஒன்பதாம் வகுப்பு மாணவியரின் வயதினள். இந்தச் செய்தியை வகுப்பில் படித்துக் காட்டியபோது பிள்ளைகள் நெடுநேரம் விவாதித்தார்கள். எல்லோரும் அவள் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல மாட்டேன்.

நம் ஊரில் மெலிவைவிட நிறமே பெரிய பேச்சு. பதினெட்டாம்படியானைக் கருப்பன் என்று வாய்நிறைய அழைத்துக் கும்பிடுகிறோம்; அவன் சந்நிதியிலேயே மகளுக்குச் சிவந்த பிள்ளை பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்கிறோம். காதணி விழாவுக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் வைக்கும் ஃப்ளெக்ஸ்களைப் பாருங்கள். மேலூரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் வரும்போது இருபுறமும் தெரியும் அந்த முகங்களுள் பல, உரிய பிள்ளையே நேரில் நின்றாலும் அடையாளம் தெரியாதபடி வெளுக்கப்பட்டவை. தன் பெயருக்கு மேலே இன்னொருவர் முகம் இருப்பதை ஊரே நின்று பார்த்துப் பாராட்டும்போது, அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? சென்னையிலிருந்து செயல்படும் ஓர் அமைப்பு 2009இல் 'கறுப்பே அழகு' என்ற பொருளில் இயக்கம் தொடங்கி நாடெங்கும் பேசவைத்தது. கறுத்த நிறத்தாரை இழிவாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று விளம்பரத் தரக்கட்டுப்பாட்டு மன்றம் 2014இல் நெறிமுறை வகுத்தது. 1975 முதல் விற்பனையில் இருந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரில் இருந்த 'ஃபேர்' என்னும் சொல்லை விட்டுவிட்டது. படத்திருத்தத்தின் தீங்கைச் சொல்லும் விளம்பரக் குறும்படம் ஒன்றை 2006இலேயே வெளியிட்டு உலகப் புகழ் பெற்ற டவ் சோப்பும் ஃபேர் அண்ட் லவ்லியை விற்ற அதே யூனிலீவர் குழுமத்தைச் சேர்ந்ததுதான் என்பதைப் போகிற போக்கில் குறித்து வைக்கிறேன்.

திருத்திய படத்தின் நிறத்தை முகத்தில் வரவழைக்க முயலும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. சிலர் மருந்துக்கடையில் தாமாகவே ட்யூப் வாங்கிப் பூசுகிறார்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் ஆணையிட்டுள்ளது. முதல் சில வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகும். பின்னர் தோல் மெலிந்து சிவந்து, பருக்களும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல் கூடும் என்பதால் நிறுத்தவும் முடியாமல் போகும். 2023இல் கேரளத்தின் மலப்புறத்தில், பாதரசம் கலந்த வெளுப்புப் பூச்சுகளைப் பயன்படுத்தியோருக்குச் சிறுநீரக நோய் கண்டதை மருத்துவர்கள் வெளிப்படுத்தினார்கள். உங்கள் பிள்ளையின் பையிலோ அலமாரியிலோ இத்தகைய ட்யூப் இருந்தால், திட்டாமல், அதையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மகன்களின் பெற்றோர் இது நமக்கில்லை என்று கடிதத்தை மடித்துவிட வேண்டாம். வயிற்றில் தசைக்கட்டுகள் தெரியும் நடிகர்களின் படங்களும் திருத்தப்பட்டவையே. பதினோராம் வகுப்பு மாணவர்கள் மதிய உணவைத் தவிர்த்துவிட்டு யாரோ சொன்ன பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதை ஆசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள்.

உங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. வீட்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கும்போதும் ஸ்டூடியோவில் படம் எடுக்கும்போதும் "நிறத்தை மாத்தாதீங்க" என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் வழக்கப்படி மாற்றிவிடுவார்கள். விசேஷ வீட்டில் உறவினர், "என்னடி இப்படிக் கறுத்துப் போயிட்ட", "வெயில்ல ஆடுனா எவன் கட்டுவான்" என்று பேசும்போது சிரித்துக்கொண்டு நிற்காமல், பிள்ளையின் காதில் விழும்படியே மறுத்துப் பேசுங்கள். அத்தை சொன்னதைவிட, அதற்கு அம்மா என்ன சொன்னார் என்பதுதான் பிள்ளையின் நினைவில் நிற்கும். கபடி வேண்டாம் என்று இவ்வாண்டு விலகக் கடிதம் கொடுத்த மாணவியருள் சிலர் காரணமாகச் சொன்னது படிப்பையன்று, வெயிலை.

பிள்ளை தொடர்ந்து உணவைத் தவிர்த்தாலோ, உண்டவுடன் தனியே ஒதுங்கினாலோ, படம் எடுக்கும் நாளில் மட்டும் பள்ளிக்கு வர மறுத்தாலோ வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். செய்தி வெளியே போகாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உள்ளது.

திருத்தாத படங்களோடு மலரின் இரண்டாம் மெய்ப்பு அலுவலகத்துக்கு அருகிலுள்ள அறிவிப்புப் பலகையில் வைக்கப்பட்டுள்ளது. தங்கள் பிள்ளையின் படம் மலரில் வரவே வேண்டாம் என்று கருதும் பெற்றோர், காரணம் குறிப்பிடத் தேவையின்றி, எழுத்து மூலம் தெரிவிக்கலாம். பெயரிலோ தலைப்பெழுத்திலோ வகுப்பிலோ பிழை இருப்பின், மெய்ப்பு அச்சகத்துக்குத் திரும்பும் முன் வகுப்பாசிரியரிடம் குறித்துக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்